கூரையின் மேற்குப் பாதி

இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
10.5.1938

என்ர அன்பான மருமகன் பற்றிக்குக்கு மாமி எழுதிக்கொள்ளுறது. நீ சீனக்குடாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டாய் எண்டு தபாலட்டையில கண்டு ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னனான். எனக்கு இங்க மழைக்கு முழங்கால் குடையுது, மற்றப்படி குறை ஒண்டும் இல்லை. நீ அந்தத் தகரக் கூரையில தொப்பி இல்லாமல் நிக்காதை. உன்ர அப்பாவுக்கும் வெயில் தலையில ஏறித்தான் வருத்தம் தொடங்கினது. தாயில்லாப் பிள்ளையை வளத்தவளுக்குத்தான் இந்தப் பயம் தெரியும்.

நீ கட்டிக் குடுக்கிற வெள்ளவத்தை வீட்டுக்குக் கூரை வளை ஏத்தியாச்சு. உன்ர மேஸ்திரி மஹ்ரூப் பாஸ் வேலையை நல்லாப் பாத்துக்கொள்ளுறார். காலமை வழக்கப்படி நான் ஏணிக் காலில தீர்த்தம் தெளிக்கிறன், ஓட்டுக்காரன் சுடலைமுத்து முதல் படியில திருநீறு பூசுறான், மஹ்ரூப் பாஸ் பிஸ்மி சொல்லிக் கால் வைக்கிறார். மூண்டு பக்கத்தாலும் காவல் போட்டுத்தான் எங்கட ஆக்கள் ஏறுறது.

அது போதாது எண்டுதானே நீ இன்சூரன்ஸும் எடுத்து வைச்சிருக்கிறாய். அந்த ஏஜெண்ட் பாலசுந்தரம் போன கிழமை வெள்ளவத்தையில இருந்து குடையோட வந்து, வருசக் கட்டுப்பணத்தைக் கேட்டார்.

நான் கேட்டன்: "தம்பி, இவ்வளவு காலமும் எங்கட ஆக்களைக் கோயில் அன்னம்மாள்தானே பாத்தவ. உங்கட கொம்பனி அவவை விடப் பெரிசோ?"

அந்த மனுசன் சிரிச்சுக்கொண்டே சொன்னார்: "அன்னம்மாள் விழாமல் பாப்பா, அம்மா. விழுந்தால் கொம்பனி பாக்கும்."

வாய்க்காரன். நீ சொல்லிப்போட்டுப் போனபடியால் கட்டிட்டன். உன்ர கூலிக்கு ஏறுற ஆள் ஆர் விழுந்தாலும் கொம்பனி பொறுப்பாம். ஏணியில இருந்து விழுந்தாலும் சரி, முகட்டில இருந்து விழுந்தாலும் சரியாம். கேக்க நல்லாய்த்தான் இருந்தது.

இனி ஒரு விசயம். இந்தச் சீனக்குடாக் கூரை வேலைக் கொந்தராத்து உனக்குக் கிடைச்சால் எங்கட சந்தில இருக்கிற அன்னம்மாள் கோயிலுக்குப் புது ஓடு போடுறன் எண்டு நேர்த்தி வைச்சாய். கிடைச்சுட்டுது. ஆடி மாதம், யூலை இருபத்தாறு, திருநாள். அர்ச்சியசிட்ட அன்னம்மாள் வட்டி கேக்க மாட்டா எண்டு நினைச்சு இழுத்தடிக்காதை.

சாப்பாட்டைக் கவனி. செபமாலையைக் கைவிடாதை.

உன்ர மாமி
மதலேனா


சீனக்குடா
24.5.1938

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். முழங்காலுக்கு அந்த நாட்டு வைத்தியரின் எண்ணெயைப் பூசுங்கள்.

நேர்த்தியை நான் மறக்கவில்லை. ஆனால் மழைக்காலம் தொடங்குமுன் இங்கே மூன்று சரக்குக் கிட்டங்கிகளுக்கும் கூரை போட்டு முடிக்க வேண்டும். ஐப்பசிக்கு முன் என்னால் அசைய முடியாது. ஆகவே நீங்களே முன்நின்று செய்வியுங்கள். வளவில் அடுக்கியிருக்கும் கள்ளிக்கோட்டை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய ஆட்கள் ஒரு ஞாயிறு வந்தால் முடிந்துவிடும். பங்குச் சுவாமியிடம் முதலில் உத்தரவு கேளுங்கள்.

கோயில் வேலை என்பதால் கூலி கிடையாது. நேர்த்திக்குக் கூலி கொடுத்தால் பலன் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எல்லாருக்கும் புண்ணியம் என்று சொல்லுங்கள். யாராவது முகத்தைச் சுளித்தால், ஞாயிறு வராதவன் திங்களும் வரவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால்தான் வருவார்கள்.

தை மாதம் டோரினோடு நடக்கும் என் கலியாணத்துக்கென்று வாங்கின கட்டிலுக்கு வார்னிஷ் காய்ந்துவிட்டதா? என் அறையைப் பூட்டி வையுங்கள். டோரின் வீட்டார் பார்க்க வரக்கூடும்.

அன்புடன்
பற்றிக்


இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
21.6.1938

அன்பான மருமகன் பற்றிக்குக்கு,

நீ சுகமாய் இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுறன். கடிதம் எழுதச் சுணங்கினதுக்குக் கோவிக்காதை. மழை ஒரு பக்கம், பக்கத்து வீட்டு றோஸிக்குப் பிள்ளை பிறந்தது ஒரு பக்கம். பெண் பிள்ளை, நல்ல சுருட்டை மயிர். ஞானஸ்நானத்துக்கு நான்தான் தலைத்தொட்டம்மா. வளவு மாமரம் இந்த வருசம் காய்ச்சுக் கொட்டுது. கொஞ்சம் மாங்காய்த் துண்டை உப்பில ஊறப் போட்டு வைச்சிருக்கிறன், ஆரும் அந்தப் பக்கம் வந்தால் அனுப்புறன்.

கோயில் வேலை தொடங்கினது. நீ எழுதினபடி ஆக்களை வளவில கூப்பிட்டுச் சொன்னனான். மஹ்ரூப் பாஸ் ஒரு மறுப்பும் சொல்லேல்லை. "மாமி, பள்ளிவாசலுக்குப் போட்டாலும் கோயிலுக்குப் போட்டாலும் ஓடு ஓடுதான்" எண்டார். சுடலைமுத்துத்தான் தலையைச் சொறிஞ்சான். அந்த ஞாயிறு பொண்டாட்டி பேச்சியம்மாளையும் பிள்ளையையும் களனியில இருக்கிற அவள்ர தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப் போறதாய் இருந்தவனாம். நீ சொன்னதையும் சொன்னன். சிரிச்சான்.

"சரிங்கம்மா. களனி எங்கிட்டும் ஓடிப் போயிராது. திங்கக்கெழம வேல வேணுமில்ல?" எண்டான்.

சுவாமி உத்தரவு தந்தார். நான் ஒரு பானை சோறும் பாரைமீன் குழம்பும் ஆக்கிக்கொண்டு போனன். கிழக்குப் பாதி மத்தியானத்துக்கு முன்னம் முடிஞ்சுது. வெயில் பட்டு அந்தச் சிவப்பு என்ன வடிவு, நீ பாக்க வேணும். மேற்குப் பாதியில பழைய ஓட்டைக் கழட்டத் தொடங்கேக்க தூறல் வந்தது. அந்தப் பக்கம் பாசி பிடிச்சுக் கிடந்தது. சுடலைமுத்து கொஞ்சம் வழுக்கிப் போனான். பெரியாஸ்பத்திரியில வைச்சிருக்கினம். பயப்பிட வேண்டாம், உயிருக்கு ஒண்டும் இல்லை. நீயும் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு.

உன்ர அறையைப் பற்றி யோசிக்காதை. தினமும் கூட்டுறன்.

உன்ர மாமி
மதலேனா


சீனக்குடா
28.6.1938

அன்புள்ள மாமிக்கு,

நலம். உங்கள் நலமும் அறிய ஆவல்.

மாமரமும் றோஸி பிள்ளையின் சுருட்டை மயிரும் அரைப் பக்கம். ஆள் விழுந்தது ஒரே வரி. "கொஞ்சம் வழுக்கிப் போனான்" என்றால் என்ன? எங்கிருந்து விழுந்தான்? என்ன முறிந்தது? ஒளிக்காமல் எழுதுங்கள்.

பாலசுந்தரத்துக்கு உடனே ஆள் அனுப்புங்கள். நாம் கட்டுப்பணம் கட்டுவது இதற்குத்தான். கொம்பனி ஆஸ்பத்திரிச் செலவையும் நட்டஈட்டையும் கொடுக்கும். சுடலைமுத்துவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏழு வருடம் என்னோடு ஏறினவன். நான் அவனைக் கைவிட மாட்டேன்.

பற்றிக்


இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
9.7.1938

அன்பான மருமகனுக்கு,

உன்ர சுகத்துக்கு ஆண்டவர் காவல். எனக்கு நித்திரைதான் குறைவு.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுறன். முகட்டில இருந்து சீமெந்துத் தரையில விழுந்தான். வலது கால் முழங்காலில நொருங்கிப் போச்சு. டாக்குத்தர் ஐயா என்னை வெளியில கூப்பிட்டு, "கால் இருக்கும். ஆனால் அந்த முழங்கால் இனி மடியாது" எண்டார். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மடியாத காலோட ஏணி ஏறேலாது. அவனுக்கு நாங்கள் இன்னும் சொல்லேல்லை. "மேக்குப் பக்கம் நான் வந்துதாம்மா முடிப்பேன், மஹ்ரூப் பாஸ் ஓட்டக் கோணலா அடுக்கிருவாரு" எண்டு கட்டிலில கிடந்து பகிடி விடுறான். நான் சிரிச்சுப்போட்டு வெளியில வந்து அழுதன்.

பாலசுந்தரம் வந்தவர். தேத்தண்ணி குடுத்தன். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு வந்து, கடைசியில கேட்டார்:

"அண்டைக்கு அவனுக்கு என்ன கூலி, அம்மா?"

"கூலி இல்லைத் தம்பி. நேர்த்தி வேலை."

கோப்பையைக் கீழ வைச்சிட்டார். "அப்ப அது கொந்தராத்து வேலை இல்லையே. கூலி இல்லாத ஆள் கொம்பனிக் கணக்கில வேலையாள் இல்லை. புண்ணியத்துக்கு ஏறினவன்."

எனக்கு வந்ததே கோபம். "விழுந்தால் கொம்பனி பாக்கும் எண்டு இந்தக் கதிரையில இருந்துதானே சொன்னனீங்கள்?"

"கூலிக்கு ஏறினால் எண்டுதான் சொன்னனான். நான் என்ன செய்ய அம்மா? சட்டத்தை நான் எழுதேல்லை."

பாவம், அந்த மனுசனுக்கும் முகம் செத்துப் போச்சு. தேத்தண்ணியை முடிக்கவும் இல்லை. தொழிலாளர் நட்டஈட்டுக் கந்தோரில மனுக் குடுக்கலாம், கொமிஷனர் துரை விசாரிப்பார், ஆனால் கூலி இல்லாட்டில் கஷ்டம் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். நான் அடுத்த நாளே மஹ்ரூப் பாஸைக் கூட்டிக்கொண்டு போய் மனுக் குடுத்திட்டன்.

பேச்சியம்மாளும் பிள்ளையும் இப்ப மாளிகாவத்தை அறையில இல்லை. வாடகை ஆர் குடுக்கிறது? அவையைப் பற்றி யோசிக்காதை, ஒரு நல்ல இடத்தில இருக்கினம். அறை எண்டு ஒண்டைப் பூட்டி வைச்சால் கறையான்தான் குடியிருக்கும்.

உன்ர மாமி
மதலேனா


சீனக்குடா
17.7.1938

அன்புள்ள மாமிக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

யோசித்துப் பார்த்தேன். இதற்கு ஒரு வழிதான் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கூலி கொடுத்ததாகச் சொல்லிவிடுங்கள். மஹ்ரூப் பாஸும் அப்படியே சொல்லட்டும். கொமிஷனர் கேட்டால் ஒரே ஒரு சொல்: "கொடுத்தேன்." கொம்பனிக்கு அது பெரிய தொகை அல்ல. சுடலைமுத்துவுக்கு அது வாழ்க்கை. ஏழைக்காகச் சொல்லும் பொய்யை ஆண்டவர் பொய்க் கணக்கில் வைக்க மாட்டார். சுவாமியிடம் இதைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பேச்சியம்மாள் எந்த நல்ல இடத்தில் இருக்கிறாள்?

பற்றிக்


இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
2.8.1938

அன்பான மருமகன் பற்றிக்குக்கு,

நீ சுகமாய் இரு. நானும் இருக்கிறன்.

திருநாள் முடிஞ்சுது. ஓடு கழட்டின மேற்குப் பாதிக்குச் சுவாமி படங்குச் சீலை கட்டினார். பாட்டுப் பூசை நேரம் காத்துக்கு அது கிளம்பி மழை உள்ள வந்திட்டுது. கிழக்குப் பக்கம் நிண்டவை நனையாமல் பூசை கண்டினம். மேற்குப் பக்கம் குடை பிடிச்சுக்கொண்டு முழங்காலில நிண்டினம். அன்னம்மாள் சுருவத்தின்ர ஒரு தோள் நனைஞ்சு போச்சு. நான் அவவின்ர முகத்தைப் பாக்கேல்லை.

மருமகன், நான் பொய் சொல்ல மாட்டன். நீ கோவிப்பாய். கோவி. ஆனால் காரணத்தைக் கேள். வேதப்புத்தகத்தில கை வைச்சுப் பொய் சொன்னால் எனக்குப் பாவம், அது ஒண்டு. அது மட்டும் எண்டால், சுடலைமுத்துவுக்காக ஒருக்கால் அந்தப் பாவத்தையும் சுமந்திருப்பன். மற்றது என்னெண்டால், அந்தப் பொய் அவனுக்கு உதவாது. நாலு பேர் ஏறினவை. கோயிலடியில முழுச் சந்தும் நிண்டு பாத்தது. கொம்பனிக்காரன் ஒருத்தனை மடக்கினால் போதும், எல்லாம் சரிஞ்சு விழும். பிறகு நாங்கள் சொல்லுற உண்மையையும் நம்ப மாட்டினம்.

இரவு முழுக்கச் செபமாலை சொல்லி யோசிச்சன். எங்களிட்ட ஒரு உண்மை இருக்கு. ஏன் அதை விட்டுப்போட்டுப் பொய்யைத் தேடுறம்?

நேர்த்தி ஆருடையது? உன்ர. கொந்தராத்து வேணும் எண்டு கேட்டது நீ. கிடைச்சது உனக்கு. சுடலைமுத்து அன்னம்மாளிட்ட ஒண்டும் கேக்கேல்லை. அவன் களனிக்குப் போக இருந்தவன். வராட்டில் திங்கக்கிழமை வேலை இல்லை எண்டு நீ சொல்லச் சொன்னாய், நான் வளவில நிண்டு சொன்னன். நாலு பேரும் கேட்டவை. புண்ணியத்துக்கு ஏறுறவனை ஆரும் வேலையால நிப்பாட்டுவன் எண்டு வெருட்டுறதோ? வெருட்டி ஏத்தினால் அது வேலை. கூலி குடுக்காதது எங்கட பிழை. அவன்ர பிழை இல்லை.

இதைத்தான் நான் கொமிஷனர் துரைக்கு முன்னால சொல்லப் போறன். உன்னட்ட உத்தரவு கேக்கேல்லை. தெரிஞ்சிருக்கட்டும் எண்டு எழுதுறன்.

டோரின் போன சனி வந்தவள். உன்ர அறையை எட்டிப் பாத்தவள்.  பிறகு, "மாமி, தலையணை உயரம் காணாது, நான் வீட்டில இருந்து இன்னொண்டு கொண்டாறன்" எண்டாள். நேற்று எலும்புச் சூப்பும் கொண்டு வந்தவள். நல்ல பிள்ளையைத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறாய்.

உன்ர மாமி
மதலேனா


சீனக்குடா
11.8.1938

மாமிக்கு,

நீங்கள் போக வேண்டாம்.

கூலி கொடுக்காமல், வேலையை விட்டு நிறுத்துவேன் என்று வெருட்டி, ஆட்களைக் கூரையில் ஏற்றினவன் என்று என் பெயர் கந்தோரில் பதிந்தால் எனக்கு யார் கொந்தராத்துத் தருவார்கள்? இங்கே எனக்கு வேலை தந்த துரை கேள்விப்பட்டால்? டோரினின் தகப்பன் கேள்விப்பட்டால்? சுடலைமுத்துவை என் கையால் நான் பார்த்துக்கொள்வேன். மாதாமாதம் ஏதாவது கொடுப்பேன். கந்தோருக்குப் போகத் தேவையில்லை. மனுவைத் திருப்பி வாங்குங்கள்.

அதையும் மீறிப் போனால் எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம்.

சூப் யாருக்கு?

பற்றிக்


இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
30.8.1938

அன்பான மருமகன் பற்றிக்குக்கு,

கடிதம் எழுத வேண்டாம் எண்டாய். மீறிப் போனால் எண்டுதானே எழுதினாய். நான் இன்னும் போகேல்லை, விசாரணை அடுத்த மாதம். அதால எழுதலாம்.

மாதாமாதம் ஏதாவது குடுப்பன் எண்டாய். உன்ர மனசு நல்ல மனசு, அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கொந்தராத்துக் கிடைக்காத மாதம்? பிள்ளை குட்டி வந்த பிறகு? உனக்கு ஒண்டு நடந்தால்? ஏதாவது எண்ட சொல்லுக்கு அரிசிக் கடையில ஒண்டும் தர மாட்டான். சுடலைமுத்து ஒவ்வொரு மாதமும் உன்ர வாசலில நிண்டு தலையைச் சொறிய வேணுமோ? நீ இன்சூரன்ஸ் எடுத்தது ஏன்? உன்ர மனசு மாறினாலும் அவனுக்குக் கிடைக்க வேணும் எண்டுதானே?

டாக்குத்தர் அவனுக்குச் சொல்லிட்டார். ரெண்டு நாள் சாப்பிடேல்லை. மூண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, ஏணியில ஏற முடியாட்டி ஏணியாச்சும் செய்யலாமில்ல?" எண்டான். உளியும் மரமும் எடுத்துக் குடுத்தன். இருந்த இடத்தில இருந்து படி செதுக்குறான். அறை முழுக்க மரத்தூள்.

செபத்தை விடாதை. பதில் எழுது.

உன்ர மாமி
மதலேனா


இயேசு மரி சூசை துணை
கொட்டாஞ்சேனை
27.9.1938

அன்பான மருமகன் பற்றிக்குக்கு,

உன்னட்ட இருந்து கடிதம் இல்லை. நீ சுகமாய் இருக்கிறாய் எண்டு டோரின் சொல்லித்தான் தெரியும். அவளுக்கு எழுதுறாய். அதுவும் நல்லதுதான்.

நான் போனனான். திருநாளுக்குக் கட்டுற சேலையைக் கட்டிக்கொண்டு, மஹ்ரூப் பாஸோடையும் மற்ற ரெண்டு பேரோடையும் போனன். சுடலைமுத்துவை ரிக்ஷோவில ஏத்தினம். மடியாத கால் வெளியில நீட்டிக்கொண்டு நிண்டது, ரிக்ஷோக்காரன் வழி முழுக்க அதைச் சொல்லிச் சண்டை.

கொமிஷனர் துரை வெள்ளைக்காரர், மெல்லிய மனுசர். பக்கத்தில தமிழில கேக்க ஒரு முதலியார். வேதப்புத்தகத்தைத் தந்தினம். கை வைச்சுச் சத்தியம் பண்ணினன். பாலசுந்தரம் பின் வரிசை வாங்கில குடையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தார்.

கொம்பனிக்கு வாதாட வந்த பிரக்கிராசி எழும்பினார். நல்ல உயரம், என்ன வாசம்! முகத்தில சிரிப்பு.

"அம்மா, அண்டைக்கு ஆருக்காவது கூலி குடுத்தனீங்களோ?"

"இல்லை ஐயா. சோறும் மீன் குழம்பும்தான் குடுத்தனான்."

"அது நேர்த்தி வேலை. அப்படித்தானே?"

"ஓம் ஐயா. நேர்த்திதான்."

மனுசன் துரையைப் பாத்துத் தலையை ஆட்டிப்போட்டு இருக்கப் போனார். நான் விடேல்லை. "ஆருடைய நேர்த்தி எண்டும் கேளுங்கோ ஐயா" எண்டன்.

முதலியார், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ" எண்டார். துரை என்ன எண்டு விசாரிச்சார். முதலியார் இங்கிலீசில சொன்னார். துரை பேனையை வைச்சுப்போட்டு, சொல்லச் சொல்லுங்கோ எண்டார்.

சொன்னன். உனக்கு எழுதினபடியேதான் சொன்னன், ஒரு சொல்லும் கூட்டேல்லை, குறைக்கேல்லை. நேர்த்தி என்ர மருமகன்ர. சொன்ன வாய் என்ர. ஏறின கால் அவன்ர. அதைச் சொல்லி முடிச்சுக் குடிக்கக் கேட்டன். ஒரு கிளாஸ் தண்ணி தந்தினம்.

பிறகு துரை ஒவ்வொண்டாய்க் கேட்டார். ஓடு ஆருடையது? எங்கட வளவு ஓடு. ஏணி? எங்கட ஏணி. மேற்பார்வை? மஹ்ரூப் பாஸ், மற்ற நாளில போலத்தான். சுடலைமுத்து கிறிஸ்தவனோ? அதுக்கு அவனே எழும்பி, சுவரைப் பிடிச்சுக்கொண்டு சொன்னான்: "இல்லைங்க தொரை. ஆனா திங்கக்கெழம பசிக்கிறது எல்லாச் சாமிக்காரனுக்கும் ஒண்ணுதானுங்க." முதலியாருக்கே சிரிப்பு வந்திட்டுது.

தீர்ப்பு நேற்று வந்தது. கொந்தராத்துக்காரன் தன்ர ஆக்களை, தன்ர சாமானோட, வேலை போயிடும் எண்டு சொல்லிக் கூரைக்கு ஏத்தினால், கூலி குடுத்தாலும் குடுக்காட்டிலும் அது வேலைதானாம். கொம்பனி கட்ட வேணும். தொகையையும் துரை தீர்த்துப்போட்டார். அந்தப் பணத்தில வளவு முன் அறையில மரவேலைப் பட்டறை போடுறான் சுடலைமுத்து. முன் அறையை நான் குடுத்திட்டன்.

வெளியில வரேக்க பாலசுந்தரம் எனக்குக் குடை பிடிச்சார். "அம்மா, இண்டைக்கு எனக்குக் கந்தோரில நல்ல பேச்சு விழப் போகுது."

"அன்னம்மாள் பாப்பா, தம்பி."

"அவ விழாமல்தானே பாப்பா. விழுந்தால்?"

"விழுந்தால் உங்கட கொம்பனி பாக்கும்."

அந்த மனுசன் ரோட்டில நிண்டு வயிறு குலுங்கச் சிரிச்சார்.

இனி ஒளிக்க ஒண்டும் இல்லை. சூப் ஆருக்கு எண்டு கேட்டாய். உன்ர கலியாணக் கட்டிலில ஆடியில இருந்து சுடலைமுத்துதான் படுத்திருக்கிறான். ஆஸ்பத்திரியால வந்தவனுக்குக் கால் நீட்டிப் படுக்க எங்கட வீட்டில வேற கட்டில் இல்லை. பேச்சியம்மாளும் பிள்ளையும் கீழ பாயில. வார்னிஷில ஒரு கீறல் விழுந்திட்டுது, அவன்ர உளி. தானே தேய்ச்சுத் தருவானாம்.

கோயிலின்ர மேற்குப் பாதி இன்னும் படங்குதான். மஹ்ரூப் பாஸ் ஒரு நாளில முடிச்சுத் தாறன் எண்டார். கூலிக்கும் வேண்டாம் எண்டார். நான் விடேல்லை. சுவாமியும் கேட்டார், அவருக்கும் இதைத்தான் சொன்னன். அது பற்றிக்கின்ர பாதி. வேற ஆரும் ஏறக் கூடாது. நீ கொந்தராத்துக்காரன் ஆக முன்னம் நல்ல ஓட்டுக்காரன். கை மறந்திருக்காது.

ஐப்பசி மழைக்கு அந்தப் படங்கு நிக்காது.

உன்ர மாமி
மதலேனா


சீனக்குடா
19.10.1938

அன்புள்ள மாமிக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி? எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்.

விசாரணைச் செய்தி இங்கேயும் வந்தது. துரை கூப்பிட்டு, "உன் ஆள்தானா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "இங்கேயும் அப்படித்தானா?" என்று கேட்டார்.  இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறினவர்களுக்கு இப்போது கூலி கொடுத்துவிட்டேன், கழிந்த ஞாயிறுகளுக்கும் சேர்த்து. ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சுடலைமுத்து தலையைச் சொறிந்து சிரிப்பானே, அதே சிரிப்பு.

கடைசிக் கிட்டங்கி முடிந்துவிட்டது. சனி இரவு ரயிலில் புறப்பட்டு ஞாயிறு காலை வந்து சேருவேன். முதற்பூசை முடிந்ததும் ஏறுகிறேன். ஏணி சுடலைமுத்து செய்ததாக இருக்கட்டும். அவனைக் கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டாம், எனக்கு ஒரு பாய் போதும். கீறலைத் தேய்க்கவும் வேண்டாம். கீழே நின்று ஓடு எடுத்துத் தர மஹ்ரூப் பாஸை வரச் சொல்லுங்கள். வர விருப்பமா என்று முதலில் கேளுங்கள். வந்தால் அவருக்கு முழுநாள் கூலி. எனக்கு வேண்டாம்.

பாலசுந்தரத்துக்கு எழுதி விசாரித்தேன். முதலாளி தானே ஏறி விழுந்தால் கொம்பனி பார்க்காதாம். அந்தப் பத்திரம் வேலையாட்களுக்கு மட்டும்தானாம். மேற்குப் பக்கத்தில் இன்னும் பாசி இருக்கும்.

ஏணியை நீங்கள் பிடியுங்கள்.

உங்கள் மருமகன்
பற்றிக்